வாசல் வேலை

காலரில் கிளிப்பை மாட்டுவதற்காக அந்தப் பெண் கிட்டே வந்தபோது ஆசீர்வாதம் மூச்சை அடக்கிக்கொண்டார். தன்மேல் வியர்வை நாற்றம் அடிக்கிறதா என்பது அவருக்குத் தெரியாது. மூன்று வருடமாக அவருடைய மூக்குக்கு மல்லிப்பூவும் ஒன்றுதான், கருவாடும் ஒன்றுதான். அதனால்தான் காலையில் கிளம்பும்போதே சட்டையை மனைவி ஆரோக்கியமேரியிடம் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொல்லியிருந்தார். "சோப்பு வாசனதான் வருது. இன்னா, பொண்ணு பாக்கவா போறே?" என்று கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். கிண்டல் செய்தாளே தவிர, இன்றைக்கு என்ன நாள் என்பது அவளுக்கும் தெரியும். அவர் செருப்பை மாட்டும்போது வாசற்படிக்கு வந்து நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள். வேலைக்குப் போகிறவருக்கு அவள் அப்படிச் செய்வது வழக்கமில்லை.

பெண்ணின் பெயர் நாஜியா. பழவேற்காட்டுக்காரி, சென்னையில் ஒரு லேபில் வேலை. தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்க் காற்றைப் பிடித்துக்கொண்டு வந்து சோதித்துச் சொல்வது அவர்கள் தொழில். சோப்பு டப்பா அளவில் இருந்த பம்ப்பை அவருடைய பெல்ட்டில் செருகினாள். அதிலிருந்து ஒரு குழாய் முதுகு வழியாக ஏறித் தோளைத் தாண்டிக் காலருக்கு வந்தது. குழாயின் முனையில் ஒரு சின்ன வட்டக் குப்பி. அதற்குள் வெள்ளையாக ஒரு வடிகட்டித் தாள். பட்டனை அழுத்தியதும் பம்ப் மெல்ல உறும ஆரம்பித்தது.

"இது உங்க மூக்குக்குப் போற காத்தை இஸ்துக்கும்ணா. ஷிஃப்ட் முடியற வரைக்கும் கழட்டாதீங்க. தண்ணியோ ஆசிட்டோ மேல பட்டுறக் கூடாது, ரொம்ப வெல ஜாஸ்தியான மிஷினு. மத்தபடி எப்பவும் போல வேலையப் பாருங்க."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். தினமும் யாரிடமாவது சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிப்போன பேச்சு. சுற்றி நின்று வேடிக்கை பார்த்தவர்களின் காதில் நடுவில் சொன்னது மட்டும்தான் ஏறியது. ஆசிட் படக் கூடாது. அவள் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். இன்னும் இரண்டு ஷெட்டில் பம்ப் மாட்ட வேண்டியிருக்கிறது, அதற்கு முன்னால் ஆபீஸில் ஒரு டீ சாப்பிட்டுவிடலாம் என்று அவளைக் கையோடு அழைத்துப் போனார். பெண்களிடம் அவர் அவ்வளவு பணிவாகப் பேசி அந்த ஷெட்டில் யாரும் கேட்டதில்லை.

ஆசீர்வாதம் இருப்பது குரோம் பிளேட்டிங் ஷெட்டில். ஜேசிபிக்கும் டிப்பர் லாரிக்கும் போகிற இரும்பு ராடுகளுக்கு இங்கேதான் பளபளப்பு ஏறுகிறது. கருஞ்சிவப்பாக ஆசிட் நிரம்பிய நீளமான டேங்க். ராடுகளை அதில் தொங்கவிட்டு மின்சாரத்தைக் கொடுத்தால் டேங்க் முழுக்கக் குமிழ் விடும். ஒவ்வொரு குமிழும் உடையும்போது கண்ணுக்குத் தெரியாத சாரல் ஒன்று மேலே எழும்பும். அதை இழுத்து வெளியே தள்ள வேண்டிய எக்ஸாஸ்ட் கெட்டுப்போய்ப் பல காலம் ஆகிறது. வெளியே போகாத சாரல் உள்ளே நிற்பவனுடைய மூக்குக்குத்தான் போக வேண்டும். எல்லோரும் மூக்கில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வார்கள், மேலே ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வார்கள். கம்பெனி கொடுத்த பாதுகாப்பு என்றால் சுவரில் மாட்டியிருக்கிற போர்டுதான். அதில் முகமூடி போட்ட ஒருவன் சிரித்துக்கொண்டிருப்பான்.

போன வருடம் ஈ.எஸ்.ஐ. டாக்டர் ஆசீர்வாதத்தின் தலையை நிமிர்த்தி, ஒரு மூக்குத் துவாரத்தில் டார்ச் அடித்து மறு துவாரத்தைப் பார்த்தார். நடுத்தண்டு நன்றாக இருந்தால் வெளிச்சம் சிவப்பாகத் தெரியுமாம். இவருக்கு வெள்ளையாகவே வந்தது. தண்டில் ஓட்டை விழுந்திருந்தது. எங்கே வேலை என்று கேட்டார் டாக்டர். சொன்னதும் வேறெதுவும் கேட்கவில்லை. இது வேலையால் வந்தது என்று எழுதியும் கொடுத்தார். கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. ஆசீர்வாதத்துக்கு ஒரு காலத்தில் மூக்குப்பொடிப் பழக்கம் இருந்தது. விட்டுத் தொலைத்து எவ்வளவோ வருடமாயிற்று. ஆனாலும் மேனேஜருக்கு அது போதுமாக இருந்தது. "பொடி போட்டுப் போட்டு மூக்கைக் கெடுத்துக்கிட்டு எங்க தலையில கட்டப் பாக்குறியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அன்றைக்கு வந்த ஆத்திரம் ஆசீர்வாதத்துக்கு இன்னும் அடங்கவில்லை.

அதற்கப்புறம் திருவள்ளூரில் தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீஸுக்கு நடையாய் நடந்து மனுக் கொடுத்து, விசாரணை வந்து, ஷெட்டுக் காற்றை அளந்து பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. சட்டத்தில் ஓர் அளவு இருக்கிறது. ஒரு கன மீட்டர் காற்றில் பூஜ்ஜியம் புள்ளி பூஜ்ஜியம் ஐந்து மில்லிகிராம் குரோமியம், அதுவும் எட்டு மணி நேரத்துச் சராசரியில். மனு எழுதிக் கொடுத்த வக்கீல் அதை அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னார். ஒரு பீரோ கொள்ளும் காற்றில் ஒரே ஒரு உப்புத்தூள். அதற்கு மேல் இருந்தால் மூக்கு போனது வேலையால்தான் என்று பேச முடியும். ஊனத்துக்கு உண்டான பென்ஷன் கிடைக்கும், கம்பெனி எக்ஸாஸ்டைப் போட்டே ஆக வேண்டும். குறைவாக இருந்தால் மூக்குப்பொடிதான். ஒரு உப்புத்தூள் கூடவா இருக்காது என்று ஆசீர்வாதம் தைரியமாக இருந்தார். தலைமுடியில் படிகிற ஆசிட் சாரலால் அவருடைய தலையணை உறையே மஞ்சளாகிக் கிடக்கிறது.

கம்பெனி சும்மா இருக்குமா? முந்தின நாளே ஷெட்டைக் கழுவி விட்டார்கள். எப்போதும் பாதி மூடிக் கிடக்கிற ஷட்டரை முழுக்க ஏற்றினார்கள். ஆபீஸிலிருந்து இரண்டு பெரிய ஃபேன்கள் வந்து கல்யாண மண்டபத்தில் நிற்பதுபோல மூலைக்கொன்றாக நின்றன. இதையெல்லாம் ஆசீர்வாதம் எதிர்பார்த்துத்தான் இருந்தார். ஃபேன் போட்டாலும் டேங்க் டேங்க்தான். அவர்கள் செய்தது எதுவும் அவரை அசைக்கவில்லை.

நாஜியா போன கொஞ்ச நேரத்தில் அவருக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்தது.

இதற்கென்று அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு ரத்தம் வந்தாலும் பக்கத்தில் நிற்பவன் "வாசல்" என்று சொல்வான். அவ்வளவுதான், மறு பேச்சு கிடையாது. ரத்தம் வந்தவன் டேங்க்கை விட்டு இறங்கி ஷட்டர் ஓரத்துக்குப் போய்விட வேண்டும். அங்கே ஒரு மர ஸ்டூல் கிடக்கும். முடிந்த ராடுகளைத் துணியால் துடைத்து அட்டை சுற்றி வைக்கிற வேலை. வெளிக்காற்று வரும், எதிரே வேப்பமரம் தெரியும். அவனுடைய டேங்க் வேலையை இன்னொருவன் பார்த்துக்கொள்வான். ஸ்டூல் ஒன்றுதான், துடைக்கிற வேலையும் ஒருவனுக்குத்தான் காணும். கம்பெனி கொடுத்த ஏற்பாடு இல்லை இது. வேலையாட்களே யோசித்து, அவர்களே காப்பாற்றி வருவது. அந்த ஷெட்டில் நல்லது என்று சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான்.

"வாசல்" என்றான் பக்கத்தில் நின்ற ஆஷிக்.

"இன்னிக்கு வேணான்டா. மிஷின் கீது" என்றார் ஆசீர்வாதம், மூக்கைத் துண்டால் அழுத்திக்கொண்டே.

"அதுக்குத்தான் சொல்றேன். டேங்க்குகிட்ட நின்னா தெறிக்காம இருக்குமா? அந்தப் பொண்ணு இன்னா சொல்லிட்டுப் போச்சி? ஆசிட் பட்டு மிஷின் நின்னுபோச்சின்னா எல்லாம் பேஜாராயிடும்ணா. உங்க கேஸே அதுலதான் கீது. நீங்க போய் குந்துங்க, நான் பாத்துக்குறேன்."

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். சரியாகத்தான் பட்டது. பம்ப் காற்றை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது, அவரும் ஷெட்டுக்குள்தான் இருக்கிறார், ஷெட்டு முழுக்க ஒரே காற்றுதானே. ஆசீர்வாதம் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆஷிக் அவருடைய ரப்பர் பூட்ஸை வாங்கிப் போட்டுக்கொண்டு டேங்க் மேடையில் ஏறினான்.

ஆஷிக் ஆரம்பாக்கத்தில் அவருக்குப் பக்கத்துத் தெரு. முப்பதைத் தாண்டியவன். அவன் மனைவி அஃப்ஸானாவுக்கு இது ஏழாவது மாதம். அவனுடைய அப்பாவுக்குப் பழவேற்காட்டில் நண்டு வியாபாரம், அது நொடித்துப்போய் இவன் காண்ட்ராக்டில் லோடுமேனாக இங்கே வந்து சேர்ந்தான். லோடுமேன் டேங்க்கைத் தொடக் கூடாது என்பது கம்பெனி விதி. ஆள் பற்றாத ஷெட்டில் விதியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, மேனேஜருக்கும் அது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

பகல் நன்றாகவே போயிற்று. ஆசீர்வாதம் ராடுகளைத் துடைத்தார். துடைக்கும்போதும் தோளைக் கோணாமல் வைத்துக்கொண்டார். சாப்பாட்டு வேளையில் குழம்பு தெறித்துவிடப் போகிறது என்று துண்டைக் குப்பிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு மறு கையால் சாப்பிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். "மாப்பிள்ளைத் தோழன் மாதிரி கீறீங்கண்ணா" என்று ஒருவன் சொன்னான். இடையில் நாஜியா ஒரு முறை வந்து பம்ப்பைப் பார்த்துவிட்டுப் போனாள். அவளைக் கண்டதும் மரியாதைக்கு எழுந்து நின்றார். ஓய்வு நேரம் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மத்தியானத்துக்கு மேல் மறுபடி வந்தபோதும் அவர் அதே ஸ்டூலில் இருந்தார். நாஜியா நின்று அவரைப் பார்த்தாள், டேங்க்கைப் பார்த்தாள்.

"அண்ணா, காலைலேர்ந்து இங்கயேவா கீறீங்க?"

"ஆமாம்மா. ஒரு சொட்டு படல. நீயே பாரு."

அவர் பெருமையாகக் காலரைத் தூக்கிக் காட்டினார். நாஜியாவின் முகம் மாறியதைப் பார்த்து, அழுக்குப் பட்டுவிட்டதோ என்று அவசரமாகக் குப்பியைக் குனிந்து பார்த்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அவள் மெதுவாக எடுத்துச் சொன்னாள். இந்தப் பம்ப் ஷெட்டுக் காற்றை அளப்பதில்லை. மாட்டியிருப்பவனுடைய மூக்கருகே இருக்கிற காற்றைத்தான் அளக்கும். டேங்க் ஓரத்துக் காற்று வேறு, வாசல் காற்று வேறு. காலையிலிருந்து அது உறிஞ்சிக்கொண்டிருந்தது வேப்பமரத்துக் காற்றை. நடுவில் வந்து சரியாகப் பார்த்திருக்க வேண்டும், ஆபீஸில் அந்தக் கையெழுத்து இந்தக் கையெழுத்து என்று உட்கார வைத்துவிட்டார்கள் என்றாள்.

ஆசீர்வாதம் எழுந்து நேராக டேங்க்குக்குப் போனார். ஆஷிக்கை ஒதுங்கச் சொல்லிவிட்டு மேடையில் ஏறி, முகத்தில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து எறிந்தார். பிறகு இடுப்பை வளைத்துக் குமிழ்களுக்கு மேலாகக் குனிந்து நின்றார். தொட்டியில் தண்ணீர் குடிக்க நிற்கிற மாட்டைப்போல நின்றார். கண் எரிந்தது, தொண்டை கமறியது. எதையும் முகர முடியாத அந்த மூக்குக்குக்கூட எரிச்சல் மட்டும் மிச்சமிருந்தது. இழு, நல்லா இழு என்று பம்ப்பிடம் சொல்லிக்கொண்டார். பொடி போட்ட மூக்கு என்றானே, அவனுக்குத் தெரியட்டும்.

"இன்னாண்ணா பண்றீங்க? விழுந்துறப் போறீங்க!" ஆஷிக் அவருடைய பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான். மறு கையால் மிஷின்மேல் ஆசிட் தெறிக்காமல் மறைத்துக்கொண்டான்.

நாஜியா ஓடி வந்தாள். "இறங்குங்கண்ணா, வேணாம். இது எட்டு மணி நேரத்துக்குமான ஆவரேஜ். நாள் ஃபுல்லா அங்க குந்திட்டுக் கடைசியில இப்படி நின்னா ஏறாது. உங்களுக்குத்தான் கெடுதல்."

பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் இறங்கினார். சட்டையின் முன்பக்கம் ரத்தம் சொட்டியிருந்தது. காலையில் மேரி முகர்ந்து பார்த்துக் கொடுத்த சட்டை.

ஷிஃப்ட் முடிந்ததும் நாஜியா அவரை வேப்பமரத்தடிக்குத் தனியே கூப்பிட்டுப் பம்ப்பைக் கழற்றினாள். குப்பியின் இரண்டு பக்கமும் மூடி போட்டாள். உள்ளே தாள் வெள்ளையாகத் தெரிந்தது.

"ஒரு வழி கீதுண்ணா. நடந்ததை நான் எழுதிடலாம். இவரு டேங்க்ல வேலை செய்யல, இந்த சாம்பிள் செல்லாதுன்னு போட்டா மறுபடி எடுக்கச் சொல்லுவாங்க."

ஆசீர்வாதம் நிமிர்ந்தார். உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. "எழுதும்மா. அதையே எழுது."

"ஆனா, அப்போ டேங்க்ல யாரு இருந்தாங்கன்னும் எழுதணும். அவரு பேரு, அவருக்கு இன்னா வேலைன்னு. அது இல்லாம ஒத்துக்க மாட்டாங்க. மேனேஜர் கையெழுத்தும் வேணும்."

ஷெட்டுக்குள் ஆஷிக் அவருடைய பூட்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தான். லோடுமேன் டேங்க்கில் நின்றான் என்று காகிதத்தில் வந்துவிட்டால் மேனேஜர் தெரியாத மாதிரி இருக்க மாட்டார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அன்றைக்கே இவனை வெளியே அனுப்பிவிடுவார். வாசல் வழக்கமும் அத்தோடு போகும். ஸ்டூலையே தூக்கி எறிந்துவிடுவார்கள், அப்புறம் ரத்தம் வந்தவன் டேங்க்கிலேயே நின்று சாக வேண்டியதுதான். ஏழு மாத வயிற்றோடு அஃப்ஸானா தெருக் குழாயில் குடம் தூக்கிப் போவது அவருக்கு ஞாபகம் வந்தது. மேனேஜர் மேல்கூட அந்த அளவுக்கு வராத கோபம் அந்த நேரத்தில் அவருக்கு ஆஷிக்கின் மேல் வந்தது. ஏன்டா இவ்வளவு நல்லவனாக இருந்து தொலைத்தாய்.

"வேணாம்மா. வுட்டுரு" என்றார்.

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்கண்ணா. அடுத்தவாட்டி எப்போ வருவோம்னு சொல்ல முடியாது."

"நீ ஊடு போய்ச் சேரு. பழவேற்காடு பஸ்ஸு போயிறப் போவுது."

அவள் குப்பியைப் பெட்டியில் வைத்தாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. அந்தப் பெண்ணைக் கோபித்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் சூலூர்பேட்டை ரயிலுக்காக ஆசீர்வாதமும் ஆஷிக்கும் காத்திருந்தார்கள். பொழுது சாய்ந்து பிளாட்பாரத்து விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. ஆஷிக் நல்ல உற்சாகத்தில் இருந்தான். நாஜியா என்ன சொன்னாள் என்பது அவனுக்குத் தெரியாது. மாலையில் ஆசீர்வாதம் டேங்க்கில் குனிந்து நின்றதை வீம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"நம்பர் எகிறிடும் பாருங்கண்ணா. காலைலேர்ந்து நிக்காம ஓடிக்கினு இருந்துச்சி. ஒரு சொட்டு பட வுட்டோமா?"

"வுடல" என்றார் ஆசீர்வாதம்.

"பென்ஷன் வந்தா அண்ணிக்குச் சொல்லி எங்களுக்கெல்லாம் பிரியாணி போடணும். சொல்லிட்டேன்."

மேரிக்கு என்ன சொல்வது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்ததும் அவள் கேட்கப்போவது அதைத்தான். சட்டையை ஏன் இப்படி ஆக்கிக்கொண்டு வந்தாய் என்பதைக்கூட அப்புறம்தான் கேட்பாள். தாள் வெள்ளையாகவே இருந்தது என்று எப்படிச் சொல்வது?

ஆஷிக் பேசிக்கொண்டே கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்து, மடித்து, பாக்கெட்டுக்குள் வைத்தான். வெகு சாதாரணமாகச் செய்தான். ஆனால் மடிப்பில் சிவப்பு தெரிந்தது.

"இன்னாடா அது?"

"ஒண்ணுமில்லண்ணா. சூடு. நாஷ்டாகூட சரியா துன்னல காலைல."

"எத்தினி நாளா வருது?"

"அப்பப்போ வரும். ரம்ஜானுக்கு முன்னாடிலேர்ந்து." அவன் சிரித்தான். "சொன்னா வாசலுக்குப் போன்னு சொல்லுவீங்க. கீறது ஒரு ஸ்டூலு. உங்க மூக்குக்கே அது பத்தல, நான் எங்க குந்துறது?"

ஆசீர்வாதம் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து டார்ச்சைப் போட்டார்.

"தலையத் தூக்கு."

"இன்னாண்ணா, எல்லாரும் பாக்குறாங்க."

"தூக்குடா."

சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தபடி ஆஷிக் கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்து, கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டான். ஆசீர்வாதம் ஒரு கையால் அவன் மோவாயைப் பிடித்துக்கொண்டு, இடது துவாரத்தில் வெளிச்சத்தை வைத்து வலது பக்கம் பார்த்தார். சிவப்பாகத் தெரிந்தது. ஆண்டவரே என்று வாய்விட்டே சொன்னார். போன் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. மறுபடி சரியாக வைத்து முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனார். சிவப்புக்கு நடுவில், கடுகு அளவில், ஓரிடம் வெளுப்பாக இருந்தது.

"இன்னாண்ணா தெரியுது?"

சூலூர்பேட்டை வண்டி வருவதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். ஆஷிக் கண்ணை மூடியபடியே முகத்தை அண்ணாந்து காட்டிக்கொண்டிருந்தான். ஆசீர்வாதம் அவன் மோவாயை விடவில்லை, வெளிச்சத்தையும் எடுக்கவில்லை.